நெல்லின் ஈரமும் ஆலையின் கணக்கும்

கல்லோயாத் திட்டத்தின் நீரால் விளையும் வயல்களையுடைய சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களிலே பெரும்போக வேளாண்மை வெட்டப்படும் காலத்தில் மாரிமழை முற்றும் ஓயாதிருப்பதாலும், இயந்திரம் வெட்டிக் கொட்டும் நெல் காய்வதற்கு அவகாசமின்றி மூடையாகிவிடுவதாலும், ஆலைத் தராசில் நெல்லோடு மழையும் சேர்ந்தே நிறுக்கப்படுகிறது.

நெல் சந்தைப்படுத்தும் சபை கொள்வனவுக்குப் பிரமாணமாகக் கொள்ளும் ஈரப்பதன் 14 வீதம். ஈரப்பதன் 20 வீதமுள்ள 1000 கிலோ நெல்லில் நீர் 200 கிலோ போக, உலர்ந்த பொருள் 800 கிலோவே. அதனை 14 வீதத்துக்குக் காயவைத்தால் எஞ்சுவது ஏறக்குறைய 930 கிலோ. நெல்லின் நிறையில் 65 வீதம் அரிசி கிடைக்க வேண்டுமென்பது ஓர் ஆலையின் நியதியாயின், 650 கிலோவை எதிர்பார்த்த முதலாளி 590 கிலோவைக் கண்டதும், குறைந்த 60 கிலோவுக்கும் குற்றுபவனையே சந்தேகிப்பது சுலபம். ஆனால் 930 கிலோவுக்குரிய அரிசி 605 கிலோதான். ஆகவே அக்குறைவில் 45 கிலோ ஈரத்தினால் நேர்ந்தது, மிகுதி 15 கிலோவுக்கே இயந்திரத்தின் பழுதையோ, கைத்தவறையோ, நெல்லின் பதரையோ ஆராய வேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ஒருவனைக் கள்வனென்று எண்ணுவது பெரும் அநியாயம் என்பதே என் துணிபு.

இக்கணக்கு விவசாயிக்கும் உரியது. வெயிலில் நன்றாகக் காயவைத்து 12 வீத ஈரத்தோடு 1000 கிலோ கொண்டுவருபவன், பிரமாணப்படி 1023 கிலோவுக்குச் சமமான நெல்லைத் தருகிறான். ஈரத்துக்குக் கழிவு பிடிக்கும் வியாபாரி, இந்த 23 கிலோவுக்கும் விலை கொடுப்பதன்றோ தர்மம்? அளவையிலும் நிறுவையிலும் பிறரிடம் நிறைவாகப் பெற்றுத் தாம் குறைத்துக் கொடுப்போரைத் திருக்குர்ஆனின் 83ஆவது அத்தியாயம் கடிந்துரைப்பதை நம்மூர் வர்த்தகர்கள் அறியாதவர்களல்லர்.

நீரையும் சத்தையும் பிரித்தறியாமல் நிறையை மட்டும் கொண்டு விலை மதிக்கும் இதே பிரச்சினை பாலிலும் இருந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஸ்டீபன் பாப்காக் என்னும் விஞ்ஞானி 1890ஆம் ஆண்டில் பாலின் கொழுப்பை அளக்கும் எளிய முறையை வெளியிட்ட பின்னரே, வெண்ணெய் ஆலைகள் நிறையை மட்டும் நோக்காது சத்துக்கேற்ப விலை கொடுப்பது சாத்தியமாயிற்று.

நம் ஆலைகளின் கொள்வனவுப் புத்தகத்தில் நிறைக்கு அருகே ஈரப்பதனுக்கும் ஒரு பத்தி வரையப்பட வேண்டும். ஒரு மூடையின் மேற்புறத்தை மாத்திரம் தொட்டுப் பாராமல், பல மூடைகளின் நடுவிலிருந்து நெல்லெடுத்து, விற்பவன் கண்முன்னே ஈரமானியால் அளந்து அதில் எழுத வேண்டும்.