கற்கண்டும் கான்ஸர் மருந்தும்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாண வீட்டில் நுழைந்ததுமே பன்னீர் தெளித்து, சந்தனமும் கற்கண்டும் நீட்டுவார்களே, அந்தக் கற்கண்டை வாயில் போடுமுன் ஒரு நிமிஷம் உற்றுப் பாருங்கள். காப்பியில் போடும் அதே சர்க்கரைதான்! பாகை அவசரப்படாமல் ஆறவிட்டதால் கட்டி கட்டியாக விளைந்திருக்கிறது. அவசரப்பட்டிருந்தால் பொடியாகப் போயிருக்கும்.

மருந்துத் தொழிற்சாலையிலும் இதே கைப்பக்குவம்தான். உண்டாக்கிய மருந்தைத் திரவத்தில் கரைத்து, மெல்லக் குளிரவைத்து, ஸ்படிகமாக விளைவிக்கிறார்கள். கசடு திரவத்தோடு போய்விடும். சுத்தமான மருந்து மணிமணியாக நிற்கும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், பாலுக்கு உறை குத்துவதுபோல் 'விதை ஸ்படிகம்' எப்போது தூவுவது என்பதற்கெல்லாம் தனி ஆராய்ச்சியே நடக்கிறது.

"இதற்குக்கூடவா ஆராய்ச்சி?" என்கிறீர்களா? 1998-ல் நடந்ததைக் கேளுங்கள். எய்ட்ஸ் நோய்க்கான 'ரிடோனாவிர்' என்ற மருந்தை அமெரிக்காவின் அபாட் கம்பெனி 1996 முதல் விற்றுவந்தது. திடீரென்று அது வேறொரு ஸ்படிக உருவில் விளைய ஆரம்பித்தது! மருந்து அதேதான், உள்ளே மூலக்கூறுகள் அடுக்கி நின்ற விதம் மட்டும் வேறு. களத்தில் நெல் மூட்டைகளை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டிவிட்டால், ஒன்றை உருவி எடுப்பது லேசா? அதுபோல் புது ஸ்படிகம் எளிதில் கரைய மறுத்தது. கரையாத மருந்து உடம்பில் எப்படிச் சேரும்? அந்தக் கேப்ஸ்யூல்களை விற்பனையிலிருந்தே எடுக்க நேர்ந்தது.

நம் சென்னைக்கும் ஒரு ஸ்படிகத்தின் வழக்கு வந்தது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து 'கிளீவெக்'. ஸ்விட்ஸர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி, அதன் 'பீட்டா' ஸ்படிகத்துக்குப் பேட்டண்ட் கேட்டு 1998-ல் சென்னைப் பேட்டண்ட் ஆபீஸில் மனுச் செய்தது. 2006-ல் மனு தள்ளுபடியாயிற்று. விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போயிற்று. அந்நாளில் கம்பெனி மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்ததற்குச் சுமார் 10,000 ரூபாய். நாலு மா நிலமுள்ள குடும்பம் நிலத்தையே விற்றாலும் எத்தனை மாதத்துக்குக் காணும்?

பீட்டா ஸ்படிகம் ஈரத்தை அதிகம் இழுக்காது, உருமாறாமல் நிலைத்திருக்கும் என்று கம்பெனி வாதாடியது. ஐப்பசி மழையில் வேதாரண்யத்து உப்பு ஜாடிக்குள்ளேயே கசிவதைப் பார்த்த நமக்கு அந்தக் குணத்தின் அருமை தெரியாதா? ஆனால், 2013 ஏப்ரல் 1-ல் சுப்ரீம் கோர்ட் சொன்ன தீர்ப்பு வேறு. மருந்தைத் தயாரிக்கவும் பத்திரப்படுத்தவும் இந்தக் குணங்கள் உதவலாம். நோயைத் தீர்க்கும் சக்தி அதனால் கூடிவிட்டதாக ஆகாது. ஆகவே, பேட்டண்ட் கிடையாது!

ஸ்படிகத்தைப் பக்குவமாக விளைவிப்பது பெரிய வித்தைதான். ஆனால் விளைந்த மருந்து நோயாளியின் வீட்டு வாசலை எட்ட வேண்டுமே! அடுத்த கல்யாணத்தில் கற்கண்டு எடுக்கும்போது, பக்கத்தில் இருப்பவரிடமும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.