பத்து மேட்ச், ஒரே டிக்கெட்!

ஐந்து அணிகள், பத்து மேட்ச், ஒன்பது நாள், சவூதி அரேபியாவுக்கு ஒரே ஒரு டிக்கெட். 2025 நவம்பர் 22 முதல் 30 வரை அகமதாபாத்தில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் ஆசியக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றின் 'டி' குரூப்பை இவ்வளவில் சொல்லி முடித்துவிடலாம். சொல்லி முடிக்கவா வந்தோம்? மைதானத்துக்குள் ஓடும் தொண்ணூறு நிமிஷத்தைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். அதற்குப் பின்னால் நடக்கிற கூத்து இருக்கிறதே, அடடா! வாங்க, திரையை விலக்கி எட்டிப் பார்க்கலாம்.

முதலில் ஆட்கள். இந்தியா, ஈரான், லெபனான், பாலஸ்தீனம், சைனீஸ் தைபே. கடைசியில் வருவது நம்ம தைவான்தான். சர்வதேச மைதானத்தில் அந்தப் பெயரோடும் வர முடியாது, அந்தக் கொடியோடும் வர முடியாது. ஆடுகிற பையன்களுக்குப் பதினைந்து, பதினாறு வயசு. அரசியல் பாரம் மட்டும் அப்பா வயசுக்கு!

ஏன் ஒரே டிக்கெட்? சவூதியில் ஆசியக் கோப்பைக்குப் போட்டிருந்தது 16 நாற்காலி. இதே வயதுப் பிரிவின் 2025 உலகக் கோப்பையில் ஆடிய ஒன்பது ஆசிய அணிகளும் அதில் முன்கூட்டியே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டன. மிச்சம் ஏழு, குரூப்பும் ஏழு. முதலிடம் வந்தால் விமானம், இரண்டாமிடம் வந்தால் வீடு. 'பரவாயில்லை, நல்லா ஆடினீங்க' என்று இரண்டாமிடத்துக்குத் தருகிற ஆறுதல் சீட்டு இந்த முறை கிடையவே கிடையாது.

இனி திரைக்குப் பின்னால். இந்த வயதுப் பிரிவில் காலுக்கு முன்னால் கை பேசும். பையனின் இடது மணிக்கட்டை எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் நீட்டச் சொல்வார்கள். முன்கை எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு என்று ஒன்று உண்டு. அது முழுசாக மூடி எலும்போடு ஒட்டிப்போயிருந்தால், 'தம்பி, உனக்குப் பதினேழு தாண்டியிருக்கும்' என்று அர்த்தம். பிறப்புச் சான்றிதழில் என்ன எழுதியிருந்தாலும் மணிக்கட்டு சொல்வதுதான் சபையேறும். 2009-ல் நைஜீரியாவில் நடந்த இதே வயதுப் பிரிவு உலகக் கோப்பையில் ஃபிஃபா இதைக் கொண்டுவந்தது. பெண்கள் போட்டிக்கு இது ஒத்துவராது. அவர்களுக்கு எலும்பு சீக்கிரமே மூடிக்கொள்ளும். ஒரு சின்ன எலும்பு ஒரு பையனின் வருஷத்தையே தீர்மானிக்கிறது என்று நினைத்தாலே நமக்கு வயிற்றைக் கலக்குகிறது!

அடுத்தது ஜெர்சிப் பஞ்சாயத்து. எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். மேட்சுக்கு முன்னால் இரண்டு அணி மேனேஜர்களும் அதிகாரிகளோடு உட்கார்ந்து யார் என்ன நிறம் போடுவது என்று முடிவு செய்வார்கள். இரண்டு நிறம் போதும் என்று நினைப்போம். அதுதான் இல்லை. இந்த அணி ஒன்று, அந்த அணி ஒன்று, இந்த கோல்கீப்பர், அந்த கோல்கீப்பர், நடுவர்கள் என்று ஐந்து நிறம் தேடணும். மஞ்சள் கீப்பருக்குப் போனால் நடுவருக்குக் கிடையாது. பச்சையை அவர் எடுத்தால் இவர் ஆரஞ்சுக்கு ஓடணும். கல்யாண வீட்டில் சம்பந்திகள் பட்டு எடுக்கப் போன கதைதான்! இதில் ஒரு சுவையான விதி உண்டு. இரண்டு கோல்கீப்பர்களும் ஒரே நிறத்தில் வந்து நின்று, இருவரிடமும் மாற்றுச் சட்டை இல்லாவிட்டால், போனால் போகிறது என்று நடுவர் ஆட விட்டுவிடலாம். இரண்டு பேரும் நூறு மீட்டர் தள்ளித்தானே நிற்கப் போகிறார்கள்!

ஐந்து அணி என்பதில் இன்னொரு வம்பு. ஒவ்வொரு ஆட்ட நாளிலும் ஓர் அணி சும்மா உட்காரணும். இந்தியாவுக்கு அந்த ஓய்வு 24-ஆம் தேதியே வந்து போய்விட்டது. அதாவது உடம்பு அலுக்கும் முன்பே ஓய்வு. அலுத்த பிறகு 26, 28, 30 என்று ஐந்து நாளில் மூன்று மேட்ச். பயிற்சியாளர் பிபியானோ ஃபெர்னாண்டஸ் இடத்தில் நம்மை வைத்துப் பாருங்கள். யாரை இறக்குவது, யார் காலை அடுத்த மேட்சுக்குப் பத்திரப்படுத்துவது? ஒன்று சொல்லணும், கோவாக்காரரான இந்த மனுஷனுக்குத் தகுதிச் சுற்று புதுசில்லை. 2017-ல் காத்மாண்டுவில் இதே வேலையை முடித்து, அடுத்த வருஷம் மலேசியாவில் இந்தியப் பையன்களைக் காலிறுதி வரை கொண்டுபோனவர்.

பாலஸ்தீனத்தோடு 1-1. சைனீஸ் தைபேயை 3-1. சரி, பரவாயில்லை என்று நிமிர்ந்தால், லெபனானிடம் 0-2! நான்கு புள்ளியோடு கடைசி நாள். எதிரே ஈரான். அவர்களுக்கு டிரா போதும். நமக்கு ஜெயித்தே ஆகணும்.

இந்த இடத்தில் கால்குலேட்டரை எடுக்கணும். புள்ளி சமமானால் நம்மூர்க்காரர்கள் உடனே மொத்த கோல் கணக்கைத் தேடுவார்கள். ஆசியக் கூட்டமைப்பின் கணக்கு வேறு: சமமான அணிகள் தங்களுக்குள் மோதினபோது என்ன ஆச்சு என்பதுதான் முதல் கேள்வி. அதற்கும் தீராவிட்டால் மொத்த கோல், அப்புறம் மஞ்சள் அட்டை சிவப்பு அட்டைக் கணக்கு, எல்லாம் போய்க் கடைசியில் குலுக்கல். சமமாக நிற்கும் இரண்டு அணிகளும் கடைசி நாளில் அதே மைதானத்தில் எதிரெதிரே இருந்தால் அங்கேயே பெனால்டி அடிக்கச் சொல்லவும் விதி உண்டு. லீக் மேட்சில் பெனால்டி ஷூட்டவுட்! இந்த விதியை எழுதியவர் நிச்சயம் ஒரு ரசிகர்.

சரி, 30-ஆம் தேதி. முதல் கோல் ஈரானுக்கு. இடைவேளைக்கு ஊதப்போகிற நேரத்தில் இந்தியாவுக்கு ஒரு பெனால்டி. தல்லால்முவான் காங்தே அடித்தார், 1-1. இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் குன்லைபா வாங்கெய்ரக்பம், 2-1! அப்புறம் இருந்தது மிச்ச நேரம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு தடுக்கிற வேலை. தடுத்தார்கள். இரண்டு பேரும் ஏழு புள்ளி. நேருக்கு நேர் ஜெயித்தது யார்? இந்தியா. டிக்கெட் நமக்கு!

இதில் ஒரு பழைய கடனும் தீர்ந்தது. 2024 அக்டோபரில் தாய்லாந்தில் நடந்த தகுதிச் சுற்றில் இந்தியா புரூனேயை 13-0 என்று வெளுத்துவிட்டு, டிரா செய்தாலே போதும் என்கிற நிலையில் கடைசி மேட்சுக்குப் போய், தாய்லாந்திடம் 2-3 என்று தோற்று ஊர் திரும்பியது. 'டிரா போதும்' என்பது எவ்வளவு ஆபத்தான வசதி என்று அன்றைக்கு நமக்குத் தெரிந்தது, இன்றைக்கு ஈரானுக்கு.

ஈரானைப் பற்றிப் பேசும்போது மைதானத்தையும் சொல்லியாகணும். இந்த மேட்சுகள் நடந்த, அகமதாபாத்தின் காங்கரியாவில் இருக்கும் ஏகா அரீனா சாதாரண ஸ்டேடியம் இல்லை. கேலரியின் ஒரு பகுதியை மடக்கி உள்ளரங்கமாக மாற்றிக்கொள்ளலாம். 2016 அக்டோபரில் கபடி உலகக் கோப்பை நடந்தது இங்கேதான். இறுதியில் இந்தியாவும் ஈரானும். இடைவேளையில் 13-18 என்று பின்தங்கி, முடிவில் 38-29 என்று இந்தியா ஜெயித்தது. நம்ம தஞ்சாவூர் தர்மராஜ் சேரலாதனும் அந்த அணியில் இருந்தார். கால்பந்தோ கபடியோ, காங்கரியா என்றாலே இனி ஈரான்காரர்கள் வேறு ஊர் கேட்டாலும் ஆச்சரியமில்லை!