786: எழுத்தெண் மதிப்பும் வழக்கும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கோட்டைப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் இசுலாமியரிடையே திருமண அழைப்பிதழ், கடைப்பலகை முதலியவற்றின் தலைப்பில் 786 என எழுதும் வழக்கம் உண்டு. அரபு எழுத்துகளுக்கு எண்மதிப்பு அளிக்கும் அப்ஜத் முறையில், ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்னும் தொடரின் நான்கு சொற்களும் முறையே 102, 66, 329, 289 என மதிப்புப் பெறும், கூட்டுத்தொகை 786. இவ்வெண் 2, 3, 131 ஆகிய பகா எண்களின் பெருக்கற்பலன். எனினும் வழக்கிற்கு அடிப்படை அதுவன்று.

இம்முறையில் எழுதப்படும் எழுத்துகளே எண்ணப்படுகின்றன. ‘ரஹ்மான்’ என்பதில் ஒலித்தும் வரிவடிவில் தனியெழுத்தாக வாராத அலிஃபைச் சேர்த்தால் 787 ஆகும். இறைப்பெயர் தாங்கிய தாள் மிதிபடலாகாது என்பதே எண்ணை எழுதுவதற்குக் கூறப்படும் காரணம். எண், தொடருக்கு ஈடாகாது என மறுக்கும் மார்க்க அறிஞரும் உளர். ஆகவே 786 என்பதன் சிறப்பு எண்ணின் இயல்பால் அன்று, எழுத்துமரபால் அமைந்தது.