கொட்டையா, விதையா, பருப்பா?

"கொட்டை வகைகளைத் தவிர்க்கவும்" என்று ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மருத்துவர்களாகிய நாங்கள் எழுதித் தருகிறோம். அதைப் படிக்கும் பெற்றோர் சிலர், பூசணி விதையை நிறுத்திவிட்டு, பாயசத்தில் முந்திரிப்பருப்பைத் தொடர்ந்து சேர்க்கின்றனர். பெயரில் 'பருப்பு' இருப்பதால் அது கொட்டையன்று எனக் கருதுகின்றனர். பிழை அவர்களுடையதன்று, நம் வழக்குச் சொற்கள் அத்தகையவை. புளியங்கொட்டையும் மாங்கொட்டையும் நமக்குக் கொட்டைகள். பாதாமும் பிஸ்தாவும் பருப்புகள்.

தாவரவியல் கூறுவது

கடினமான ஓடு உடையதாய், முதிர்ந்த பின்னும் தானாக வெடித்துத் திறவாததாய் உள்ள உலர்கனியே கொட்டை. ஹேசல்நட் இதற்குச் சான்று. கனிக்குள் இருந்து புதிய செடியாக முளைக்கவல்ல பகுதி விதை. இவ்வரையறைப்படி பாதாம், முந்திரி, பிஸ்தா ஆகிய மூன்றும் விதைகளே. மாங்கொட்டைக்குள் பருப்பு இருப்பதைப் போலவே, பாதாமும் ஒரு கனியின் ஓட்டுக்குள் இருக்கிறது. நிலக்கடலையோ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது, மண்ணுக்குள் காய்ப்பது.

மருத்துவம் பார்ப்பது

நம் நோய் எதிர்ப்பு மண்டலம் பெயரைப் பார்ப்பதில்லை. புரதத்தையே அடையாளம் காண்கிறது. எனவே மருத்துவத்தில் பின்வருமாறு பிரிக்கிறோம்.

மரக்கொட்டைகள்: பாதாம், முந்திரி, பிஸ்தா, வால்நட், ஹேசல்நட். முந்திரியும் பிஸ்தாவும் ஒரே குடும்பத்தவை. ஒன்று ஒவ்வாதவருக்கு மற்றதும் பெரும்பாலும் ஒவ்வாது.

நிலக்கடலை: இது தனி வகை. ஆயினும் இது ஒவ்வாதவர்களுள் சிலருக்கு மரக்கொட்டைகளும் ஒவ்வாமற்போகலாம். பொட்டுக்கடலை என்பது கொண்டைக்கடலையிலிருந்து செய்யப்படுவது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டா.

விதைகள்: எள், சூரியகாந்தி, பூசணி, ஆளி. மரக்கொட்டை ஒவ்வாமை இருப்பதனாலேயே இவற்றை விலக்க வேண்டியதில்லை. ஆனால் எள் தன்னளவிலேயே கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். அமெரிக்காவில் 2023 முதல் பொட்டலங்களில் எள்ளைக் கட்டாயமாகக் குறிப்பிட வேண்டும். எள் ஒவ்வாதவர்கள் எள்ளுருண்டையோடு இட்லிப்பொடியையும் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயையும் நினைவிற்கொள்ள வேண்டும். அவ்வெண்ணெயில் எள்ளின் புரதம் எஞ்சியிருக்கும்.

வீட்டிலும் விருந்திலும்

குருமாவில் அரைத்துவிட்ட முந்திரி கண்ணுக்குத் தெரியாது. ஆகவே விருந்துகளில் "கொட்டை சேர்த்தீர்களா?" என்று கேளாமல், "முந்திரி அரைத்தீர்களா? எள் சேர்த்தீர்களா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

உண்டபின் உடலில் தடிப்பு, உதடு அல்லது நாக்கு வீக்கம், மூச்சுத்திணறல், தொடர் வாந்தி, மயக்கம் தோன்றினால் காத்திருக்கலாகாது. அட்ரினலின் ஊசி பரிந்துரைக்கப்பட்டிருந்தால் உடனே செலுத்தி, 108-ஐ அழையுங்கள். ஒவ்வாமை மாத்திரை அதற்கு மாற்றாகாது. நோயாளியைப் படுக்க வையுங்கள். மூச்சுத்திணறல் இருப்பின் உட்காரலாம். எழுந்து நடக்க விடாதீர்கள்.

அச்சத்தால் அனைத்தையும் விலக்குவதும் சரியன்று. இவை புரதமும் நல்ல கொழுப்பும் தருபவை. அடுத்த முறை வரும்போது, உண்ட பொருள்களின் பெயர்களை, எது ஒத்துக்கொண்டது, எது ஒவ்வாதது என்று எழுதி எடுத்து வாருங்கள். நாங்களும் 'கொட்டை வகைகள்' என்று பொதுவாக எழுதாமல், பெயர் பெயராக எழுதித் தருவோம்.