புலியைப் பார்க்காமல் ஒரு புலிப் பாடம்

புலிகள் காப்பகத்தில் ஓரிரவு தங்கி வரலாம் என்று வகுப்பில் பேச்செடுத்தால், முதலில் எழும் கேள்வி, "புலியைப் பார்க்கலாமா சார்?" என்பதுதான். "பெரும்பாலும் பார்க்க முடியாது" என்ற உண்மையைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. 2018ஆம் ஆண்டு அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் தானியங்கிக் கேமராக்கள் வைக்கப்பட்டன. கிடைத்த படங்கள் ஏறத்தாழ 3 கோடியே 48 லட்சம். அவற்றில் புலி இருந்தவை 76,651 மட்டுமே. அதாவது சுமார் 455 படங்களுக்கு ஒன்று. இரவு பகலாகக் காத்திருந்த கேமராவுக்கே இந்த நிலை என்றால், இரண்டு மணி நேரம் வண்டியில் சுற்றும் நமக்கு?

புலியைக் காண்பதே நோக்கம் என்று கிளம்பினால், மாணவர்கள் ஏமாற்றத்துடன் திரும்புவார்கள். கண்ணில் படாத ஒரு விலங்கு அங்கே இருப்பதை எப்படி அறிவது என்பதை நோக்கமாக வைத்தால், அறிவியலும் கணக்கும் சமூக அறிவியலும் அந்த ஓரிரவுக்குள் வந்துவிடும்.

முதுமலையை எடுத்துக்கொள்வோம். 1940இல் வனவிலங்குச் சரணாலயமான இந்தக் காடு, 2007இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தெப்பக்காட்டில் யானைகள் முகாமும் வனத்துறையின் தங்குமிடங்களும் உள்ளன. காலையிலும் மாலையிலும் வனத்துறை வாகனங்கள் பார்வையாளர்களைக் காட்டுக்குள் அழைத்துச் செல்கின்றன.

புறப்படும் முன், பள்ளியில்

முதல் பாடம் காலடித் தடம். பூனைக் குடும்ப விலங்குகள் நடக்கும்போது நகங்களை உள்ளிழுத்துக்கொள்ளும். எனவே அவற்றின் தடத்தில் நகக்குறி பதியாது. நாயின் தடத்தில் பதியும். பள்ளி வளாகத்தில் ஈரமண் பரப்பி வைத்தால், மறுநாள் காலையில் பூனையும் நாயும் பாடத்தைத் தாமே எழுதி வைத்திருக்கும். 3ஆம் வகுப்புக் குழந்தையும் வேறுபாட்டைக் கண்டுகொள்ளும்.

முன்பு புலிகளைக் கணக்கெடுத்ததும் தடங்களை வைத்துத்தான். ஆனால் ஒரே புலியின் தடம் மணலில் ஒருவிதமாகவும் சேற்றில் வேறுவிதமாகவும் பதியும். ஒன்றை இரண்டாக எண்ணிவிட வாய்ப்புண்டு. இராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்பது 2005இல் தெரியவந்தபோது நாடே அதிர்ந்தது. அதன் பின்னரே கேமராவை அடிப்படையாகக் கொண்ட புதிய முறை வந்தது. நம் கைரேகை போல ஒவ்வொரு புலிக்கும் வரிகள் தனித்தன்மையானவை. இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட ஒன்றுபோல் இரா. "அப்படியானால் பாதையின் இருபுறமும் ஏன் கேமரா வைக்கிறார்கள்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள், விடை மாணவர்களிடமிருந்தே வரும்.

இரண்டாம் பாடம் கணக்கு. சோளக்காட்டில் பலாக்கொட்டைக்குப் பஞ்சமில்லை. உங்கள் ஊரில் புளியங்கொட்டை போதும். ஒரு பையில் எண்ணாமல் கொட்டைகளைப் போடுங்கள். 20 கொட்டைகளை எடுத்து அடையாளமிட்டு மீண்டும் பையில் போட்டுக் குலுக்குங்கள். இப்போது பார்க்காமல் 25 எடுங்கள். அவற்றில் 5 கொட்டைகளில் அடையாளம் இருந்தால், பையில் உள்ளவை ஏறத்தாழ 20 × 25 ÷ 5 = 100. பிறகு எண்ணிச் சரிபார்க்கலாம். புலிக் கணக்கெடுப்பில் வரிகளே அடையாளம். கணக்கீடு இன்னும் விரிவானது என்றாலும் அடிப்படை இதுதான். விகிதத்துக்கு இதைவிட உயிருள்ள எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

காப்பகத்தில் இரவு

இருட்டிய பிறகு அறையை விட்டு வெளியே செல்லக் கூடாது. முதுமலையை ஒட்டியுள்ள கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை உள்ளது. இரவு விலங்குகளுக்கு உரியது என்பதை மாணவர்களுக்கு விளக்க இந்த ஒரு விதியே போதும்.

வெளியே போகாவிட்டாலும் கேட்கலாம். விளக்கணைத்து, 15 நிமிடம் பேசாமல் அமர்ந்து, கேட்ட ஒலிகளைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். புலியோ சிறுத்தையோ நடமாடினால் புள்ளிமானும் கடமானும் எச்சரிக்கைக் குரல் எழுப்பும். பகலில் மரத்தின் மேலிருந்து மந்திகள் அதே வேலையைச் செய்யும். பூனைக் குடும்ப விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதையும், அதனால்தான் இருளில் அவற்றின் கண்கள் மின்னுகின்றன என்பதையும் அப்போது சொன்னால் மனத்தில் பதியும்.

காலைப் பயணத்தில் தடம், மரத்தில் நகக்கீறல், எச்சம் ஆகியவற்றைக் காட்டும்படி வனப்பணியாளரிடம் கேளுங்கள். வண்டியை விட்டு யாரும் இறங்கக் கூடாது.

திரும்பிய பின்

தமிழ்நாட்டின் புலி எண்ணிக்கையை மாணவர்கள் வரைபடமாக வரையட்டும்: 2006இல் 76, 2010இல் 163, 2014இல் 229, 2018இல் 264, 2022இல் 306. ஏற்றம் முழுவதும் புலிகள் பெருகியதாலா, கேமராக்களும் ஆய்வுப் பரப்பும் கூடியதும் ஒரு காரணமா என்று கேளுங்கள்.

கடினமான கேள்வியையும் தவிர்க்க வேண்டாம். 2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் நான்கு பேரின் உயிரிழப்புக்குக் காரணமாகக் கருதப்பட்ட டி-23 என்ற புலியை மாணவர்களுக்குச் சொல்லுங்கள். வரிகளைக் கொண்டு அடையாளம் கண்டு எண் கொடுக்கப்பட்ட புலி அது. பல நாள் தேடலுக்குப் பின் அக்டோபர் 15 அன்று மயக்க ஊசி செலுத்தி, உயிருடன் பிடித்து மைசூருக்குக் கொண்டு சென்றனர். மாடு மேய்க்கும் குடும்பத்தின் தரப்பில் ஒரு குழுவும், வனத்துறையின் தரப்பில் ஒரு குழுவும் பேசட்டும். உயிரிழந்தவர் வீட்டின் துயரத்தையும் காட்டின் தேவையையும் சேர்த்து எண்ணிப் பார்க்க அவர்கள் பழக வேண்டும்.

தமிழ் வகுப்புக்கும் இதில் இடமுண்டு. கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஓர் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றைத் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். அன்று வேட்டையாடுவது வீரம். இன்று 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலியை வேட்டையாடுவது கடும் குற்றம். இந்த மாற்றத்தைப் பற்றி 9ஆம் வகுப்பு மாணவர்கள் ஒரு கட்டுரை எழுதலாம்.

ஏற்பாடுகள்

பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், கல்வி அலுவலரின் அனுமதி, மாணவிகளுடன் ஆசிரியைகள், முதலுதவிப் பெட்டி ஆகியவை கட்டாயம். தங்குமிடத்தை வனத்துறையிடம் முன்பதிவு செய்ய வேண்டும். கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் காப்பகம் மூடப்படுவதுண்டு. தேதி குறிக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை உள்ளதால், ஆளுக்கொரு எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் எடுத்துச் செல்லட்டும். பயணத்துக்கு வாய்ப்பு அமையாத பள்ளிகள் ஈரமண் தடத்தையும் கொட்டைக் கணக்கையும் மட்டுமாவது செய்து பார்க்கலாம். இரண்டுக்கும் செலவு ஏதுமில்லை.