கிழக்கே நடந்தால் காலம் நகரும்

டிரையாசிக், ஜுராசிக், கிரெட்டேசியஸ் என்று பூமியின் பழங்காலங்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். தேர்வு முடிந்ததும் மறந்துபோகும். காலத்தைக் காலால் நடந்து பார்த்தால் மறக்காது என்பது என் நம்பிக்கை. அதனால் ஒன்பதாம் வகுப்பைப் பெரம்பலூர் மாவட்டத்துக் காரைக்குக் கூட்டிப் போகிறேன்.

ஊருக்கு வெளியே களிமண் மேடு. மழை அறுத்த ஓடைகள், வெயிலில் மின்னும் ஜிப்சம் தகடுகள், புல்கூடச் சரியாக முளைக்காத நிலம். இது ஒரு காலத்தில் கடல் என்பேன். "கடல் எங்கே சார் இருக்கு, இங்க எப்படி வந்துச்சு?" என்று யாராவது கேட்காமல் இருந்ததில்லை. பதில் பெரும்பாலும் அவர்கள் காலடியிலேயே கிடக்கும்: துப்பாக்கித் தோட்டா போன்ற கல். கணவாயின் தூரத்து உறவான பெலம்னைட் என்ற உயிரியின் உடலுக்குள் இருந்த பகுதி அது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த நிலம் கடலடிச் சேறு.

கோண்டுவானா என்ற பெருநிலம் உடைந்து இந்தியா பிரிந்தபோது, கிழக்கு ஓரம் தாழ்ந்து கடல் உள்ளே வந்தது. அது விட்டுச் சென்ற அடுக்குகள் கிழக்கு நோக்கி லேசாகச் சரிந்திருக்கின்றன. ஆகவே மேற்கே பழையது, கிழக்கே போகப் போகப் புதியது. 1860களில் நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்த வரிசையை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று பிரித்து எழுதினார். ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா இதன் சிப்பிகளையும் சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளையும் பல தொகுதிகளில் விவரித்தார். உலக ஆய்வாளர்கள் இன்றும் அந்த நூல்களைப் புரட்டுகிறார்கள். நம் பாடப்புத்தகத்தில் அவர்களுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தால் என்ன?

அடுத்து சாத்தனூர். அங்கே பிள்ளைகள் வெகுநேரம் நிற்பார்கள். 18 மீட்டர் நீள மரம், முழுக்கக் கல். ஆறு அடித்து வந்த மரம் கடலடியில் மண் மூடிப் புதைந்தது. காற்று படாததால் மக்கவில்லை. தண்ணீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் புகுந்து மெல்லக் கெட்டிப்பட்டது. நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் இதை வெளியுலகுக்குச் சொன்னார்.

இங்கேதான் நான் கண்டிப்பு காட்டுவேன். ஒரு கல்லையும் பையில் போடக் கூடாது. படம் எடு, எந்த அடுக்கில் கிடந்தது என்று எழுது, வைத்துவிடு. அடுக்கு தெரியாமல் அலமாரிக்குப் போன அம்மோனைட் தன் வயதைச் சொல்லாது. வீட்டு அலங்காரத்துக்காக மூட்டை மூட்டையாக எடுத்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

கிழக்கே போனால் அரியலூர். அதன் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகிறது; அதிலும் பெரும்பங்கு பழைய கடலுயிர்களின் ஓடுதான். இன்னும் கிழக்கே கல்லமேட்டில் கடல் பின்வாங்கிய கால மணற்கல், அதில் டைனோசர் எலும்புகள். அதற்கும் மேலே நின்னியூர் அடுக்கு. கடல் மறுபடி வந்திருக்கிறது, சிப்பிகள் உண்டு. அம்மோனைட்டை மட்டும் எவ்வளவு தேடினாலும் காணோம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், விண்கல் மோதிய அந்தப் பேரழிவில் டைனோசர்களோடு அவையும் முடிந்தன. தக்காணத்து எரிமலைகளும் அந்தக் காலத்தில் கொட்டிக்கொண்டிருந்தன.

ஆனால் அம்மோனைட்டின் உறவினரான நாட்டிலஸ் இனத்தின் ஓடுகள் நின்னியூரில் கிடைக்கின்றன. ஒன்று அழிந்து மற்றது ஏன் பிழைத்தது என்ற கேள்வியைத்தான் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடமாகக் கொடுக்கிறேன். ஆய்வாளர்களும் அதைத்தான் இன்னும் விவாதிக்கிறார்கள்.