எலும்புக்குள் மறைந்த பல்லை அச்சிட்டுப் பார்க்கலாம்

கடைவாய் ஓரத்தில் ஈறு வீங்குகிறது, வாயைத் திறக்க முடியவில்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் நாலு நாளில் அடங்கி, அடுத்த மாதமே திரும்பி வருகிறது. இருபதை ஒட்டிய வயதில் இப்படி வந்தால் பெரும்பாலும் ஞானப்பல்தான் காரணம். 17 முதல் 25 வயதுக்குள் முளைக்க வேண்டிய இந்தக் கடைசிப் பல், தாடையில் இடம் போதாமல் சாய்ந்தோ படுத்தோ எலும்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஞானப்பல்லுக்கு அடுத்து அதிகம் புதைவது மேல்தாடைக் கோரைப்பல். தொல்லை தரும் ஞானப்பல்லை எடுத்துவிடலாம். கோரைப்பல்லை முடிந்தவரை காப்பாற்ற வேண்டும். எதுவானாலும், கத்தியை எடுக்குமுன் அந்தப் பல் எலும்புக்குள் எப்படிக் கிடக்கிறது என்று தெரிந்தாக வேண்டும்.

நரம்பு எந்தப் பக்கம்?

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு குறுகிய பாதையில் நரம்பு ஒன்று ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்ச்சி தருவது அதுதான். ஞானப்பல்லின் வேர் அதை ஒட்டியிருந்து, பல்லை எடுக்கும்போது நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப்போகும். பலருக்கு வாரங்களிலோ மாதங்களிலோ உணர்வு திரும்பிவிடும். சிலருக்கு மட்டும் திரும்புவதில்லை. தேநீர் உதட்டைச் சுடுவதுகூடத் தெரியாமல் வாழ்வது சின்னச் சங்கடமல்ல.

முதலில் எடுப்பது இரு தாடைகளையும் அகலமாகக் காட்டும் ஓபிஜி எக்ஸ்ரே. பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். ஆனால் அது தட்டையான படம். வேரும் நரம்பும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால், நரம்பு கன்னத்துப் பக்கம் இருக்கிறதா, நாக்குப் பக்கமா, வேர்களுக்கு இடையில் சிக்கியிருக்கிறதா என்று அது சொல்லாது. நரம்புப் பாதையின் வெள்ளைக் கோடு வேரருகே அறுபட்டோ, வேர் அங்கே கறுத்தோ தெரிந்தால் மருத்துவர் உஷாராகிவிடுவார்.

அங்கேதான் சிபிசிடி ஸ்கேன் உதவுகிறது. 1990களின் பிற்பகுதியில் இத்தாலியிலும் ஜப்பானிலும் உருவான கருவி இது. கூம்பு வடிவ எக்ஸ்ரே கற்றை தலையைச் சுற்றி வர, கிடைக்கும் நூற்றுக்கணக்கான படங்களைக் கணினி முப்பரிமாணமாகக் கோக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துண்டுகளாகத் தாடையை எந்தக் கோணத்திலும் வெட்டிப் பார்க்கலாம். நரம்பு வேரோடு பின்னிக் கிடப்பது தெரிந்தால், பல்லின் தலைப்பகுதியை மட்டும் வெட்டியெடுத்து வேரை உள்ளேயே விட்டுவிடும் வழியை மருத்துவர் யோசிக்கலாம்.

திரையிலிருந்து கைக்கு

ஸ்கேன் கோப்பிலிருந்து பல், எலும்பு, நரம்புப் பாதை என்று தனித்தனியே பிரித்து, ஒளி பட்டால் இறுகும் பிசினில் அடுக்கடுக்காக அச்சிடலாம். இந்த அச்சு முறைக்கு அமெரிக்காவின் சக் ஹல் 1986இல் காப்புரிமை பெற்றார். தாடை மாதிரி கையில் இருந்தால், எந்த எலும்பை எவ்வளவு விலக்குவது என்பதை அறுவைக்கு முன்பே தீர்மானிக்கலாம். நோயாளிக்கும் காட்டி விளக்கலாம்.

கோரைப்பல்லில் இதன் பயன் இன்னும் தெளிவு. அண்ணப் பக்கம் புதைந்த பல்லைத் தேடி ஈறை அகலமாகத் திறக்க வேண்டியதில்லை. பக்கத்துப் பற்களில் கச்சிதமாக அமரும் அச்சுத் தகட்டில் ஒரு திறப்பு வைத்து, அந்த இடத்தில் மட்டும் ஈறைத் திறந்து, பல்லில் சிறு கொக்கியும் சங்கிலியும் ஒட்டுகிறார்கள். பிறகு பல மாதங்கள் கம்பியால் மெல்ல இழுத்து வரிசைக்குக் கொண்டுவருகிறார்கள். புதைந்த பல் பக்கத்து வெட்டுப்பல்லின் வேரை அரித்திருக்கிறதா என்பதையும் ஸ்கேன் காட்டிவிடும். பல நேரம் சிகிச்சைத் திட்டத்தையே மாற்றுவது அந்தத் தகவல்தான்.

எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது பல் இடமாற்றம். சொத்தையால் கடைவாய்ப்பல்லை இழந்த இளைஞருக்கு, அவருடைய ஞானப்பல்லையே அந்தக் குழியில் நடலாம். வேரைச் சுற்றியுள்ள உயிரணுக்கள் காய்ந்தால் பல் ஒட்டாது. முன்பெல்லாம் எடுத்த பல்லையே குழியில் வைத்துப் பார்த்து, எடுத்து, எலும்பைச் செதுக்கி, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இப்போது அதே அளவில் அச்சிட்ட போலிப்பல்லை வைத்துக் குழியைத் தயாரித்துவிட்டு, கடைசியில்தான் உண்மைப் பல்லை எடுக்கிறார்கள். சில நிமிடங்களில் அது புது இடத்தில் இருக்கும். தென்கொரிய மருத்துவர்கள் 2001லேயே இந்தப் போலிப்பல் முறையை வெளியிட்டார்கள். வேர்நுனி முழுதாக மூடாத இளம் பல்லுக்கு வாய்ப்பு அதிகம்.

எல்லோருக்கும் தேவையா?

இல்லை. சிபிசிடியின் கதிர்வீச்சு சிறிதுதான் என்றாலும் ஓபிஜியைவிட அதிகம். கருவியையும் படமெடுக்கும் பரப்பையும் பொறுத்துப் பல மடங்குகூட ஆகலாம். குழந்தைகளிடம் கூடுதல் கவனம் தேவை. ஓபிஜி மட்டும் எடுத்தவர்களையும் சிபிசிடியும் எடுத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஸ்கேன் எடுத்ததால் மட்டும் நரம்புக் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை. கிடைத்த தகவலால் சிகிச்சை மாறினால்தான் பலன். அதனால் ஸ்கேன் எழுதிக்கொடுத்தால், இதைப் பார்த்து எதை முடிவு செய்யப்போகிறீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள். பல்லை எடுப்பதும் எல்லோருக்கும் தேவையில்லை. தொந்தரவே தராத ஞானப்பல்லை முன்னெச்சரிக்கையாக எடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டியது. பல் அடைத்த உலோகமும் தலை அசைவதும் ஸ்கேனைக் கெடுக்கும். பிழையான ஸ்கேனிலிருந்து வரும் அச்சும் பிழையாகத்தான் இருக்கும்.

பத்து வயதில் ஒரு பரிசோதனை

கோரைப்பல் விஷயத்தில் அறுவையே தேவைப்படாமலும் போகலாம். குழந்தைக்கு 9, 10 வயதாகும்போது மேல் ஈறின் வெளிப்பக்கத்தை மருத்துவர் விரலால் தடவி, கோரைப்பல்லின் புடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு பக்கம் மட்டும் தென்படாவிட்டால் எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருக்கும். 1988இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், அண்ணப் பக்கம் விலகி வளர்ந்துகொண்டிருந்த 46 கோரைப்பற்களுக்கு, அந்த இடத்திலிருந்த பால்பல்லை மட்டும் எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். 36 பற்கள் தாமாகவே சரியான வழிக்குத் திரும்பின.